கன்னத்துச் செம்மச்சத்துக்கு (பொறக்கும்போதே இருக்குற சிவப்புத் திட்டு, போர்ட்-வைன் ஸ்டெயின்) லேசர்: பார்த்ததை எழுதுங்க

லேசர்_அறை, புதுச்சேரி:
தேவனாம்பட்டினத்துப் பொண்ணு, நல்ல மாநிறம். மாசி மகத்துக்குப் பகல் முழுக்க மணல்ல நின்னுட்டு அடுத்த வாரமே சிட்டிங்குக்கு வந்துட்டாங்க. 595 நானோமீட்டர் டை லேசர், 7 மி.மீ. ஸ்பாட், போன தடவை வச்ச அதே எனர்ஜி. ஓரத்துல ஒரே ஒரு டெஸ்ட் ஷாட். ஊதாவா மாறணும், மாறினது சாம்பல் வெள்ளை. அந்த நிறம் மறக்கவே மாட்டேங்குது. அதோட நிறுத்தி ஐஸ் வச்சாங்க. மறுநாள் அந்த வட்டத்துல மட்டும் கொப்புளம். ரத்தம் உறிஞ்ச வேண்டிய ஒளியை வெயில்ல கருத்த மேல்தோல் வாங்கிக்கிச்சு.

மஞ்சக்குப்பம்_நர்ஸ்:
எல்லாத்துக்கும் வெயில் மேலயே பழி போடாதீங்க. கூலிங் ஸ்ப்ரே தீர்ந்துட்டு வந்தாலும், முனை சாய்ஞ்சு ஸ்ப்ரே ஒரு பக்கமா விழுந்தாலும் இதே கொப்புளம்தான்.

என்னை உறுத்துறது வேற. மரத்துப்போற கிரீமை ஒரு மணி நேரம் ஒட்டி வச்சிருந்தாங்க. துடைச்சா மச்சமே வெளிறிப்போய் எது ஓரம்னு தெரியல! அந்தக் கிரீம் ரத்தக்குழாயைச் சுருக்கிடும். பூசுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து, மச்சத்துக்கு வெளியே வெள்ளைப் பென்சில்ல கோடு போட்டுடணும். கறுப்பு மார்க்கர் வேண்டவே வேண்டாம், மையே ஒளியை வாங்கிச் சுட்டுடும்.

லேசர்_அறை, புதுச்சேரி:
@மஞ்சக்குப்பம்_நர்ஸ் ஸ்ப்ரே கேன் அன்னைக்குக் காலையில மாத்தினது. தோல் நிறம் இறங்கின பிறகு எனர்ஜியைக் குறைச்சு, பல்ஸை (ஒவ்வொரு ஷாட்லயும் ஒளி விழுற நேரம்) 0.45லேருந்து 1.5 மில்லிசெகண்டுக்கு நீட்டினதும் ஊதா சரியா வந்துச்சு.

கண்_பரிசோதகர்:
நீங்க ரெண்டு பேரும் கன்னத்தையே பேசுறீங்க. நெத்தியும் மேல் இமையும் சிவந்த கைக்குழந்தை, ஒரு கண் மட்டும் பெருசு, கருவிழி மங்கல். "கிரகணத்துல காய் நறுக்கினா, அதான்"னு ஆயா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. காரணம் கருவுல நடந்த ஜீன் மாற்றம், 2013லயே கண்டுபிடிச்சாச்சு. அந்த இடத்துல மச்சம்னா ஸ்டர்ஜ்-வெபர் (மூளை, கண் ரத்தக்குழாயையும் பாதிக்குற பிறவி நோய்) இருக்கலாம்: கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), வலிப்பு. லேசருக்குத் தேதி வாங்குறதுக்கு முன்னாடி கண் அழுத்தம் பார்க்கணும். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில தோல், கண், குழந்தைகள் பிரிவு மூணும் இருக்கு. முதல் தடவை நார்மல்னா விட்டுடாதீங்க, வளர வளர அழுத்தம் ஏறலாம். இமைக்கு லேசர்னா கருவிழி மேல உலோகக் கவசம் கட்டாயம். வெளியில ஒட்டுற பேட் போதாது. புருவத்தை ஈரப் பஞ்சால மூடணும், இல்லன்னா முடி கருகும். மயக்கம் கொடுத்தா மூக்குக்கிட்ட ஆக்சிஜன் ஓடும்போது இன்னும் கவனம், தீப்பிடிக்கும்.

ஓடி_வாசகி:
ஊதா 7லேருந்து 14 நாள்ல போயிடும். சொந்தக்காரங்க "சுட்டுட்டாங்க"ன்னு மஞ்சள் அரைச்சுட்டு வருவாங்க, விடாதீங்க. வாசலின் போதும். தோல் ஆறினதும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். ஊதா போனப்புறம் சிவப்பு வலை மாதிரி மீந்தா ஷாட்டுக்கு ஷாட் இடைவெளி விட்டுட்டாங்கன்னு அர்த்தம். அடுத்த சிட்டிங்ல காட்டிக் கேளுங்க.