கடையில் பெரிதாகத் தெரிவது வீட்டில் சிறுத்துப் போகாமல் இருக்க: சுவர்ப்படம், தோட்ட நீரூற்று ஆகியவற்றின் அளவு குறித்து

மாடவிளக்கு கேட்கிறார்:

வணக்கம். எங்கள் வரவேற்பறைக்கு ஒரு சுவர்ப்படமும், வீட்டின் பின்புறத் தோட்டத்துக்கு ஒரு கல் நீரூற்றும் வாங்க எண்ணியிருக்கிறோம். இரண்டையும் கடையில் பார்த்து வைத்திருக்கிறோம். ஆனால் அவற்றின் அளவு பொருந்துமா என்பதில் வீட்டில் மூவருக்கும் மூன்று கருத்துகள் இருக்கின்றன.

படத்தின் அகலம் 30 அங்குலம், உயரம் 36 அங்குலம். அதை மாட்ட நினைக்கும் சுவர் 12 அடி நீளமுள்ளது. அந்தச் சுவரை ஒட்டி 7 அடி நீளமுள்ள சோபா இருக்கிறது. சோபாவின் சாய்மானம் தரையிலிருந்து 34 அங்குல உயரம். நீரூற்று 3 அடி உயரம். தோட்டம் 20 அடி அகலமும் 30 அடி நீளமும் கொண்டது. வரவேற்பறை ஜன்னலிலிருந்து நேராகப் பார்த்தால் தெரியும்படி, ஜன்னலுக்கு 18 அடி தள்ளி நீரூற்றை வைக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

கடையில் இரண்டுமே பெரியவையாகத்தான் தோன்றின. நீரூற்று கனமானது என்பதால், ஒருமுறை இறக்கி வைத்தபின் மாற்றுவது எளிதன்று. வாங்குவதற்கு முன்பே அளவைத் தீர்மானிக்க நம்பகமான வழி உண்டா?

அளவுகோல் எழுதுகிறார்:

உங்கள் கேள்வியில் ஒரு முக்கியமான தகவல் விடுபட்டிருக்கிறது: கடையில் அந்த நீரூற்றை எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தீர்கள்? பெரும்பாலும் ஐந்தாறு அடித் தூரத்திலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். வீட்டில் நீங்கள் அதைப் பார்க்கப்போவது வரவேற்பறை இருக்கையிலிருந்து. இருக்கை ஜன்னலுக்கு 6 அடி உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கண்ணுக்கும் நீரூற்றுக்கும் இடையே 24 அடி வருகிறது. தூரம் நான்கு மடங்கானால் கண்ணுக்குத் தெரியும் உயரம் கால் பங்காகிவிடும். கடையில் உங்களை நிமிர்ந்து பார்க்க வைத்த அதே கல், வீட்டில் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்பதுபோலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

நான் கடைப்பிடிக்கும் கணக்கு எளிமையானது. ஒரு பொருளின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் நின்றால், அது ஏறத்தாழ 27 பாகைக் கோணத்தில் பார்வையை நிறைக்கும். அந்தப் பொருளைத் தவிர வேறொன்றும் மனத்தில் நிற்காது. மூன்று மடங்கு தூரத்தில் ஏறத்தாழ 18 பாகை. பொருளும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்து ஒரு காட்சியாக அமையும். நான்கு மடங்கு வரை அது காட்சியின் மையமாக நிற்கக்கூடும். அதற்கு அப்பால் போகப்போகப் பின்னணியில் கரையத் தொடங்கும். உங்கள் நீரூற்று எட்டு மடங்கு தூரத்தில் இருக்கப்போகிறது. ஆகவே அது பெரிதாகிவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை. சிறிதாகிவிடுமே என்றுதான் கவலைப்பட வேண்டும்.

சுவர்ப்படத்துக்கு வேறொரு கணக்கு உண்டு, ஏனெனில் அங்கே படம் தனியாக நிற்பதில்லை. கண் அதைச் சோபாவோடு சேர்த்தே எடைபோடுகிறது. சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை படம் பரவியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்குவதுபோல அமையும். உங்கள் சோபா 84 அங்குலம். எனவே 56 முதல் 63 அங்குலம் வரையிலான அகலம் தேவைப்படுகிறது. 30 அங்குலப் படம் அதில் ஏறக்குறைய பாதிதான். தனியாக மாட்டினால் சுவரில் ஒட்டிய தபால்தலைபோலத் தெரியும். ஆனால் அதே அளவில் இரண்டு படங்களை 3 அங்குல இடைவெளி விட்டு அருகருகே மாட்டினால் மொத்த அகலம் சரியாக 63 அங்குலம் வருகிறது. நீங்கள் விரும்பிய படத்தை விட்டுவிட வேண்டிய அவசியமில்லை. அதற்கு ஒரு துணைப்படம் தேடினால் போதும்.

உயரத்தைப் பொறுத்தவரை, சாய்மானத்துக்கு மேல் 6 முதல் 8 அங்குலம் விட்டுப் படத்தின் அடிப்பகுதி தொடங்கட்டும். 7 அங்குலம் விட்டால், 36 அங்குல உயரமுள்ள படத்தின் மையம் தரையிலிருந்து 59 அங்குலத்தில் வரும். நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டிப் படத்தின் மையம் 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருப்பது நல்லது என்பதால், இரண்டு கணக்குகளும் உங்கள் வீட்டில் ஒத்துப்போகின்றன. பலர் சுவரின் வெற்றிடத்தை நிரப்பும் ஆவலில் படத்தை மேலே ஏற்றிவிடுகிறார்கள். அப்போது படம் சோபாவை விட்டு விலகிக் கூரைக்குச் சொந்தமாகிவிடுகிறது.

தாழ்வாரம் எழுதுகிறார்:

மேலே சொல்லப்பட்ட விகிதங்களை ஏற்கிறேன். ஆனால் விகிதத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செய்தித்தாள்களை ஒட்டிப் படத்தின் உண்மையான அளவில் ஒரு தாளை வெட்டி, சுவரில் ஒட்டிச் சில நாட்கள் அப்படியே விட்டுவிடுங்கள். ஓரங்களை மட்டும் டேப்பால் குறித்துப் பார்ப்பது போதாது. வெறும் கோட்டுச் சதுரம் அளவைக் காட்டுமேயன்றிப் பொருளின் கனத்தைக் காட்டாது. இருண்ட நிறமும் தடித்த சட்டமும் கொண்ட படம், அதே அளவுள்ள வெளிர்நிறப் படத்தைவிடக் கனமானதாகத் தோன்றும் என்பதால், இயன்றால் தாளுக்கும் அதற்கேற்ற நிறம் கொடுங்கள். காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும், அறைக்குள் நுழையும் வாசலிலிருந்தும் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

சோபாவுக்கு முன்னால் தரைவிரிப்பு போடும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே அளந்துவிடுங்கள். விரிப்பு சோபாவின் இரு பக்கமும் குறைந்தது 6 அங்குலமாவது நீண்டு, முன்கால்கள் அதன்மேல் நிற்கும்படி இருக்க வேண்டும். டீப்பாய்க்கு அடியில் மட்டும் அடங்கிவிடும் சிறு விரிப்பு, எவ்வளவு அழகானதாக இருந்தாலும், அறையைக் குறுக்கித்தான் காட்டும்.

கொடிப்பந்தல் எழுதுகிறார்:

தோட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அறைக்குள் ஒரு பொருளை அளக்கக் கூரையும் சுவரும் துணை நிற்கின்றன. வெளியே கூரை வானமாகிவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மரங்களும் வீட்டின் சுவருமே இருப்பதால் எல்லாமே ஒரு சுற்று இளைத்துத் தெரியும். இந்தக் காரணத்தால், தோட்டப் பொருளைப் பொறுத்தவரை இரண்டு அளவுகளுக்கிடையே தயக்கம் வந்தால் பெரியதையே தேர்ந்தெடுப்பது என் வழக்கம். சிறு தொட்டிகளையும் சிறு சிலைகளையும் பல இடங்களில் சிதறி வைப்பதைவிட, ஒரே இடத்தில் ஒரு பெரிய பொருள் நிற்பது சிறிய தோட்டத்துக்குக்கூட அமைதியைத் தரும்.

இருப்பினும் 24 அடித் தூரத்துக்கு ஈடாக 6 அடி உயர நீரூற்றை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த உயரத்துக்கேற்ற தொட்டியின் அகலம் 20 அடி அகலமுள்ள தோட்டத்தில் நடமாட்டத்தைக் கெடுத்துவிடும். இருவர் சேர்ந்து நடக்கும் பாதைக்கு 4 அடியாவது விட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் பார்த்துவைத்த நீரூற்றையே 1 அடி உயர மேடையில் ஏற்றி, ஜன்னலுக்கு 12 அடி தூரத்துக்கு முன்னே கொண்டுவரலாம். அப்போது கண்ணிலிருந்து தூரம் 18 அடி, மொத்த உயரம் 4 அடி. எட்டு மடங்கு நாலரை மடங்காகக் குறைகிறது. பின்னணியில் அடர்பச்சை இலைகளுள்ள புதர்வேலி இருந்தால் வெளிர்நிறக் கல் தனித்துத் தெரியும்.

நீரூற்றை ஒட்டிச் செடிகள் நடுவதாக இருந்தால், வாங்கும் நாளில் உள்ள உயரத்தைப் பார்க்காதீர்கள்; முழு வளர்ச்சியில் அது எட்டும் உயரத்தையும் பரப்பையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டத்தில் கல்லின் அளவு மட்டும்தான் நிலையானது.

மாடவிளக்கு எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. படத்தைப் பொறுத்தவரை எங்கள் ஐயம் தீர்ந்தது. இரண்டு படங்களாக மாட்டுவது என்று முடிவு செய்து, தாளையும் ஒட்டிவிட்டோம்.

நீரூற்றை 12 அடிக்குக் கொண்டுவருவது பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் ஜன்னலின் அடிவிளிம்பு அறைத் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கிறது. அறைத் தரை தோட்டத்து மண்ணைவிட ஒன்றரை அடி உயரம். இருக்கையும் நீங்கள் ஊகித்தபடி ஜன்னலுக்கு 6 அடி உள்ளேதான் இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கும்போது நீரூற்று முழுவதும் தெரியுமா?

அளவுகோல் எழுதுகிறார்:

நல்லவேளை, ஜன்னலின் உயரத்தைக் குறிப்பிட்டீர்கள். இந்த ஒரு விவரம் முடிவை மாற்றிவிடுகிறது.

உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில் இருக்கும். 6 அடி தள்ளியுள்ள ஜன்னல் விளிம்பு 3 அடி உயரத்தில் இருப்பதால், விளிம்பைத் தொட்டுச் செல்லும் பார்வைக்கோடு 6 அடிக்கு 1 அடி வீதம் கீழிறங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே 12 அடியில் அந்தக் கோடு மேலும் 2 அடி இறங்கி, அறைத் தரைக்கு 1 அடி மேலே, அதாவது தோட்டத்து மண்ணுக்கு இரண்டரை அடி மேலே இருக்கும். அதற்குக் கீழே உள்ள எதுவும் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மேடையோடு சேர்த்து 4 அடி உயரமுள்ள நீரூற்றில் மேல் ஒன்றரை அடிதான் காட்சிக்குக் கிடைக்கும். அருகே கொண்டுவந்தால் பெரிதாகத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் உங்கள் வீட்டில் அருகே வரவர ஜன்னல் அதை விழுங்கிவிடுகிறது.

நீங்கள் முதலில் எண்ணிய 18 அடியில் அதே கோடு 3 அடி இறங்கி, மண்ணுக்கு ஒன்றரை அடி மேலே மட்டுமே மறைக்கிறது. எனவே இடத்தை மாற்றாமல் மேடையை 2 அடியாக உயர்த்துவதே பொருத்தம் என்று கருதுகிறேன். மறைந்துபோவது மேடையின் கீழ்ப்பகுதிதான். மேடையின் மேல் அரை அடியும் நீரூற்றின் 3 அடியும் முழுமையாகத் தெரியும். உச்சி மண்ணிலிருந்து 5 அடியில் இருப்பதால் தோட்டத்தில் நடப்பவர்களுக்கும் அது ஏறத்தாழக் கண்மட்டத்திலேயே நிற்கும். தூரம் குறையாததால், பின்னால் அடர்பச்சைப் புதர்வேலி வேண்டும் என்று கொடிப்பந்தல் சொன்னது இப்போது இன்னும் அவசியமாகிறது.

கொடிப்பந்தல் எழுதுகிறார்:

இந்தக் கணக்குக்குப் பின் நானும் 18 அடியையே பரிந்துரைக்கிறேன். 2 அடி மேடையைக் குறுகிய தூணாக எழுப்ப வேண்டாம். அருகே நிற்பவருக்கு அது கால் நீண்டு தெரியும். நீரூற்றைச் சுற்றி ஐந்தாறு அடி அகலமுள்ள செங்கல் பாத்தியாக அதைக் கட்டி, மண் நிரப்பித் தாழ்ந்து படரும் செடிகளை நடுங்கள். நீரூற்றின் எடையை மண் தாங்காது என்பதால், பாத்தியின் நடுவே அதற்கென்று தனி அடித்தளம் தரைமட்டத்திலிருந்தே எழும்பி வர வேண்டும். தண்ணீர் மேல்நோக்கிப் பீய்ச்சும் வகையாக இருந்தால், பீய்ச்சும் உயரம் நடுவிலிருந்து தொட்டியின் விளிம்பு வரையுள்ள தூரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் சிறு காற்றிலும் தண்ணீர் வெளியே சிதறும், தொட்டியும் விரைவில் வற்றும்.

கட்டத் தொடங்குமுன் 5 அடிக் கழி ஒன்றை அந்த இடத்தில் ஊன்றி, மேல் 3 அடிக்கு அட்டையை நீரூற்றின் அகலத்தில் சுற்றிக் கட்டுங்கள். வீட்டிலுள்ள மூவரும் அவரவர் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து அதைப் பாருங்கள். மூவரின் கண்மட்டமும் ஒன்றல்ல என்பதால், உயரம் குறைந்தவருக்கு அட்டையின் அடிவிளிம்பு தெரிகிறதா என்பதைக் கொண்டு மேடையின் இறுதி உயரத்தை முடிவு செய்யலாம்.