பழைய படம் அனுப்பும் உறவுகளுக்கு: முகம் மட்டும் போதாது, வேலியும் வேணும்

அன்பான ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஊர்ப் படங்களைச் சேர்க்கத் தொடங்கியதிலிருந்து ரொறன்ரோ, லண்டன், பரிஸ், ஒஸ்லோ என்று நாலு பக்கத்திலிருந்தும் படம் வருகிறது. சந்தோசம். ஆனால் வருகிறவற்றில் நிறைய வெட்டின படங்கள். அம்மம்மாவின் முகத்தைப் பெரிதாக்கி, சுற்றியிருந்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு அனுப்புகிறீர்கள். அம்மம்மாவை உங்கள் குடும்பத்துக்குத் தெரியும். சங்கத்துக்கு வேண்டியது அவவுக்குப் பின்னால் நிற்கிற கிடுகுவேலி, வேலிக்கு மேலால் தெரிகிற துலா, படலைக்கு வெளியே திரும்புகிற ஒழுங்கை.

ஏன் என்று வலி வடக்குக்காரருக்கு, அதாவது யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குச் சனத்துக்கு, விளக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் போரால் ஊரைவிட்டு எழும்பின சனம். மயிலிட்டித் துறைமுகப் பக்கம் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில். இருபத்தேழு வருடத்தில் வீடு இடிந்து, வேலி அழிந்து, ஒழுங்கையைப் பற்றை மூடிவிட்டது. காணி உறுதியில் ‘கிழக்கு: ஒழுங்கை, வடக்கு: இன்னாருடைய காணி’ என்று எல்லை எழுதியிருக்கும். அந்த ஒழுங்கையே இல்லாத இடத்தில் எங்கிருந்து அளக்கத் தொடங்குவது? கூகிள் ஏர்த்தில் பின்னோக்கிப் பார்க்கலாமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வீடு வீடாகப் பிரித்துக் காட்டும் வணிகச் செயற்கைக்கோள் படங்கள் 2000ஐ ஒட்டித்தான் வரத் தொடங்கின. அதற்குள் ஊர் எழும்பிப் பத்து வருடம். ஒரு மைலை ஓரங்குலமாகச் சுருக்கின ஓரங்குல வரைபடத்தில் பெரிய தெருவும் கோயிலும் இருக்கும், உங்கள் வளவு இராது. ஆக, ஒரு சாமத்தியச் சடங்குப் படத்தின் மூலையில் தப்பிக் கிடக்கிற கிணத்துக்கட்டுத்தான் மிச்சம். படம் உறுதிக்குப் பதிலாகாது, நில அளவையாளரும் அதை அப்படி ஏற்கமாட்டார். ஆனால் எந்தக் கிணறு யாருடையது என்று நாலு அயலவர் ஒரே பேச்சாகச் சொல்ல அது உதவும்.

இனி வேலைக்கு வருவோம்.

அஞ்சலட்டை அளவுப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் செய்யுங்கள். பழைய பெட்டிக் கமெராவில் எடுத்து, நெகற்றிவ் அளவிலேயே அடித்த இரண்டேகால் அங்குலச் சின்னப் படங்களுக்கு 1200. நெகற்றிவ் கையில் இருந்தால் 2400க்குக் குறையக் கூடாது, அதற்கு மேலிருந்து ஒளி விழும் ஸ்கானர் வேணும். கறுப்பு வெள்ளை என்றாலும் கலரிலேயே ஸ்கான் செய்யுங்கள். மஞ்சள் கறையைப் பிறகு பிரித்தெடுக்க அந்த நிறத் தகவல் தேவைப்படும். படத்தைச் சுற்றி அரை அங்குலம் கூட விட்டு எடுங்கள், வெள்ளைக் கரையும் சேர்த்து. கரையில்தான் சில வேளை அச்சடித்த மாதமும் வருடமும் இருக்கும். ‘கூர்மையாக்கு’, ‘நிறம் திருத்து’ என்று ஸ்கானர் தானாகச் செய்கிற எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். தாளை இழுத்து விழுங்குகிற வகை ஸ்கானருக்குள் பழைய படத்தை ஒருபோதும் விடாதீர்கள். ஒரு முறை மடங்கினால் மேற்பூச்சு உடையும்.

அனுப்புகிற வழியில்தான் அதிக இழப்பு. 4க்கு 6 அங்குலப் படம் 600 டிபிஐயில் 2400க்கு 3600 புள்ளி, மொத்தம் 86 இலட்சம். அதை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கி, ஐந்தில் ஒரு பங்குதான் வந்து சேரும். முகம் அப்போதும் தெளிவாகத்தான் தெரியும், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. போவது பின்னணி. பெயர்ப்பலகை எழுத்தும் கார் இலக்கமும் கரைந்துவிடும். வட்ஸ்அப் தவிர வேறு வழியில்லை என்றால் ‘ஆவணம்’ என்ற வழியால் அனுப்புங்கள், சுருங்காது. சுருக்காமல் சேமிக்கிற டிஃப் (TIFF) கோப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 26 எம்பி வரும், மின்னஞ்சலில் போகாது. பகிர்வுக் கோப்புறைக்குள் போடுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்காமல் எண் போடுங்கள்: தந்தவர் எண், அல்பம் எண், பட எண். கடைசியில் முன்பக்கத்துக்கு 1, பின்பக்கத்துக்கு 2. 017-02-031-1 என்றால் பதினேழாவது குடும்பத்தின் இரண்டாவது அல்பத்தில் முப்பத்தோராவது படத்தின் முன்பக்கம். ‘அப்பா கலியாணம் புதுசு கடைசி’ என்று பெயர் வைத்த கோப்பு இப்போதே மூன்று கிடக்கிறது, மூன்றும் வெவ்வேறு அப்பாக்கள். பின்பக்கத்தை விடாதீர்கள். ஸ்ரூடியோ முத்திரை, கடிதத்தோடு வைத்து அனுப்பினபோது எழுதின இரண்டு வரி, கழுவின திகதி, எல்லாம் அங்கேதான்.

ஒட்டிப்போன படங்கள் பற்றி நிறையக் கேள்வி. பிளாஸ்ரிக் தாளை உரித்துப் படத்தை வைத்து மூடுகிற அல்பங்கள் எழுபது எண்பதுகளில் வந்தவை. அந்தப் பசை நாள்போக மஞ்சளாகிப் படத்தின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். பல்லிடுக்கு நூலைப் படத்துக்கடியில் விட்டு, அறுப்பதுபோல் மெதுவாக இழுத்தால் பல படங்கள் கழன்றுவிடும். கழலாவிட்டால் விட்டுவிடுங்கள், அல்பப் பக்கத்தை அப்படியே ஸ்கான் செய்யலாம். தலைமயிர் காயவைக்கிற மெசினால் சூடுகாட்ட வேண்டாம். பிறேம் கண்ணாடியில் ஒட்டின படத்தை உரித்தால் முகம் கண்ணாடியோடு போகும். படத்தின் மேற்பூச்சான ஜெலற்றின் ஈரத்தில் இளகி, கண்ணாடியைப் பிடித்துக் காய்ந்திருக்கிறது. அதைக் கண்ணாடியோடு சேர்த்து ஸ்கான் செய்யுங்கள். இதற்கு மெல்லிய, யூஎஸ்பி வயரிலேயே ஓடுகிற ஸ்கானர் சரிவராது. அந்த வகைக்குக் கண்ணாடியில் அழுந்திக் கிடப்பது மட்டுமே தெளிவாக விழும், கொஞ்சம் உயர்ந்தாலே மங்கும். எப்சன் வி600 போன்ற தடித்த வகைக்கு அந்தச் சிக்கல் குறைவு. பூஞ்சணம் பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பூஞ்சணம் தின்ற ஜெலற்றின் தண்ணீரில் கரையும், படமும் சேர்ந்து வரும். காயவிட்டு மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். லமினேற் செய்கிற யோசனையை இந்தக் குழுவில் இனி ஒருவரும் சொல்ல வேண்டாம்.

ஸ்கானர் இல்லாதவர்கள் போனால் எடுக்கலாம். யன்னலோரம், நேர் வெயில் படாத இடம், பிளாஷ் இல்லை. படத்துக்கு நேர் மேலே, இரண்டு மடங்கு பெரிதாக்கும் வில்லையால் கொஞ்சம் எட்ட நின்று எடுங்கள். கிட்டப் பிடித்தால் ஓரங்கள் வளையும். கறுப்புச் சட்டை போட்டால் உங்கள் உருவம் படத்தின் பளபளப்பில் விழாது. சொரசொரத் தாளில் அடித்த படங்களுக்கு ஸ்கானரைவிட இந்த வழி நல்லது, ஸ்கானரில் தேன்கூடு மாதிரிப் புள்ளி விழும்.

முகத்தைத் துலக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் ‘அழகாக்கின’ படங்களைச் சேகரிப்பில் ஏற்கமாட்டோம். தெரியாத இடத்தை அது ஊகித்து நிரப்புகிறது. கிடுகுக்கூரை ஓடாகும், கிணற்றடி பூச்சட்டியாகும். வீட்டுச் சுவருக்குச் செய்து மாட்டுங்கள், தடையில்லை.

இப்போது காலம் கணிப்பது. ‘ஒரு எழுபதாம் ஆண்டளவில்’ என்று எழுதுவதைவிட ‘இதற்குப் பிந்தியது, இதற்கு முந்தியது’ என்று இரண்டு எல்லை போடுவதே எங்கள் முறை. வாகனம் முதல் எல்லையை மட்டும் தரும். ஒஸ்ரின் ஏ40 சமசெற் கார் வெளிவந்தது 1952இல். ஆனால் ஏ40 கார்கள் தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயிலும் யாழ்ப்பாணத்தில் ஓடின. மொறிஸ் மைனரில் முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் 1956க்கு முந்திய வார்ப்பு, ஒரே கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தியது. வாகன இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் 1957 அல்லது பிறகு பதிந்தது. அந்த ஸ்ரீ தமிழில் எழுதியிருந்தால் பெரும்பாலும் 1957, 58இல் தமிழர் அந்தச் சிங்கள எழுத்தை எதிர்த்த ஸ்ரீ எதிர்ப்புக் காலம், அப்படி ஒரு படம் கிடைத்தால் உடனே தனியாக அறிவியுங்கள். பஸ்ஸில் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) என்றிருந்தால் 1958 ஜனவரிக்குப் பிறகு. வானில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைப் புகை தெரிந்தால் 1950க்கும் 1990க்கும் இடை. கலர்ப்படம் முழுக்கச் செம்மண் நிறமாகியிருந்தால் அறுபது எழுபதுகளின் கலர்த்தாளாக இருக்கலாம். அந்தத் தாள்களில் நீலச்சாயம் அல்பத்துக்குள் இருட்டில் கிடந்தே மங்கும், சிவப்பு நிற்கும்.

எடுத்துக்காட்டுக்கு 017-02-031ஐயே பாருங்கள். கறுப்பு வெள்ளை, சடங்கு வீட்டு முற்றம், நடுவில் சேலையோடு பிள்ளை, இருபக்கமும் மாமிமார். இடது ஓரத்தில் மொறிஸ் மைனரின் மூக்கு, ஒரே கண்ணாடி. ஆலைப் புகை வலது மேல் மூலையில். ஆக 1956க்கும் 1990க்கும் இடை. முதலில் வந்த பிரதியில் புகை இடப்பக்கம் இருந்தது. அதை வைத்து ஒழுங்கை மேற்கே திரும்புகிறது என்று நாங்களும் குறித்துவிட்டோம். பிறகுதான் ஒருவர் கவனித்தார், மாமிமார் எல்லாருக்கும் முந்தானை வலத்தோளில். நெகற்றிவை மறுபுறமாக வைத்து ஸ்கான் செய்திருக்கிறார்கள். முந்தானை இடத்தோளில் விழ வேணும், ஆண்களின் சட்டைப் பொத்தான் அவர்களுக்கு வலப்பக்கம் இருக்க வேணும், கைக்கடிகாரம் பெரும்பாலும் இடக்கையில். இந்த மூன்றையும் பார்க்காமல் எந்த நெகற்றிவையும் அனுப்பாதீர்கள். புரண்ட படம் ஒன்று ஊரையே புரட்டிவிடும்.

திசைக்கு நிழல் உதவும், எடுத்தது காலையா மாலையா என்று தெரிந்தால். காலை முகூர்த்தப் படத்தில் நிழல் மேற்கே விழும், அதிலிருந்து வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பிடிக்கலாம். உச்சி வெயிலில் நிழல் கொஞ்சம் தெற்கே சாய்ந்தால் ஏப்ரல் நடுவுக்கும் ஆகஸ்ட் கடைசிக்கும் இடை. மற்ற மாதங்களில் வடக்கே சாயும்.

பெரியாக்களிடம் கேட்கும்போது படத்தை ரிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டுங்கள். ‘இது ஆர்?’ என்று தொடங்கினால் பேச்சு உறவுமுறைக்குள் போய்த் திரும்பி வராது. ‘இந்த வேலிக்கு அங்கால ஆற்றை வளவு?’ என்று கேளுங்கள். தண்ணீர் அள்ள எங்கே போனார்கள், மதகு எந்தப் பக்கம், வாசிகசாலைக்கு எத்தனை வீடு தள்ளி என்று கேளுங்கள். குரலைப் பதியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பதில் சொன்னால் ‘உறுதி’ என்றும், இல்லாவிட்டால் ‘ஒருவர் கூற்று’ என்றும் எழுதுங்கள். இரண்டு பேர் எதிர்மாறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். குழுவில் வாக்கெடுப்பு வைத்து முடிவுசெய்கிற விசயமில்லை இது. படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கத்தில் தடம் விழும். மென்பென்சில், ஓரத்தில், எண் மட்டும்.

இன்னுமொன்று. சாமத்தியப் படங்களை அந்தப் பெண்ணிடம் கேட்காமல் பொதுவில் போடக்கூடாது. அவவுக்கு இப்போது அறுபது வயதென்றாலும் அவவிடம்தான் கேட்க வேணும். எண்பதுகளுக்குப் பிந்திய படங்களில் சீருடையோ ஆயுதமோ, யாருக்கும் கரைச்சல் தரக்கூடிய எதுவோ தெரிந்தால் பேஸ்புக் பக்கம் போகாது. மூடின கோப்புறைக்குள் மட்டும்.

இதுவரை கையில் இல்லாதவை: துறைமுகத்திலிருந்து ஊருக்குள் ஏறுகிற தெருவின் மேற்குப் பக்கம், கூட்டுறவுக் கடை முன்வாசல், கேணியடி, பள்ளிக்கூட மதிலின் பின்பக்கம். ஒருவரும் வேண்டுமென்று எடுத்திருக்க மாட்டார்கள். சைக்கிளோடு நின்று எடுத்த படம், கால்பந்தாட்டக் குழுப் படம், செத்தவீட்டு ஊர்வலப் படம், இவற்றின் பின்னால் தேடுங்கள். 031இல் வேலிக்கு மேலால் ஒரு துலாவும் பக்கத்தில் இரட்டைப் பனையும் தெரிகிறது. அந்த வளவு யாருடையது என்று தெரிந்தவர்கள், பெரியாக்களிடம் கேட்டாவது, இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.

படப்பிரிவு