ஒன்றரை அடி கப்பி மீன் தொட்டிக்கு ஸ்பான்ஜ் ஃபில்டர் மட்டும் போதுமா?

புதுத்தொட்டி: 18×12×12 அங்குலம், தண்ணி சுமார் 35 லிட்டர், கப்பி ஆறு. இப்ப ஹேங் ஆன் (தொட்டி விளிம்புல பெட்டி மாதிரி தொங்குற ஃபில்டர்) ஓடுது. குட்டி ஒண்ணும் தங்கல. ஸ்பான்ஜுக்கு மாறலாமா?

கப்பிக்காரன்: தாராளமா. காத்துக் குமிழி குழாயில ஏறும்போது ஸ்பான்ஜ் வழியா தண்ணியை இழுக்கும், வேலையே அவ்வளவுதான். அம்மோனியாவைத் தின்னுற பாக்டீரியா ஸ்பான்ஜ் முழுக்கக் குடியேறிடும். குட்டியை இழுக்க அதுல இம்பெல்லரே (தண்ணியை இழுக்கிற சுழல் விசிறி) கிடையாது.

தெளிந்தநீர்: குட்டி காணாமப் போனா முதல்ல தாய் மீன் வாயைப் பாருங்க. ஃபில்டரை மாத்துறதை விட குட்டி ஒளிஞ்சுக்க ஒரு கைப்பிடி ஜாவா மாஸ் (ஒரு வகைத் தண்ணிப் பாசி) போடுறது பலன் தரும். இம்பெல்லர்தான் பயம்னா உறிஞ்சுற குழாய் வாயில ஒரு ஸ்பான்ஜ் துண்டை மாட்டுங்க. வெறும் ஸ்பான்ஜ் ஃபில்டர்ல பொடித்தூசு நிக்காது, தண்ணி பளிச்சுன்னு இருக்காது. கழிவும் தொட்டிக்குள்ளயே கிடக்கும்.

கப்பிக்காரன்: ஹேங் ஆன்ல மட்டும் கழிவு எங்க போகுது? பெட்டியில கிடக்கு, அதே தண்ணிதான் அது மேல ஓடுது. கழுவுற வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான்.

தெளிந்தநீர்: கழுவுறதுலதான் வித்தியாசமே. ஸ்பான்ஜைத் தூக்கினதும் பழுப்புக் கசடு புகை மாதிரி தொட்டி முழுக்கப் பரவும்.

கப்பிக்காரன்: பம்பை நிறுத்திட்டு, ஒரு பிளாஸ்டிக் பையைத் தண்ணிக்குள்ளயே ஸ்பான்ஜ் மேல கவுத்து, அடியில வாயைச் சேர்த்துப் பிடிச்சுத் தூக்குங்க. பரவாது. தொட்டித் தண்ணியை ஒரு பக்கெட்ல எடுத்து அதுலயே நாலஞ்சு தடவை பிழிஞ்சா போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில கழுவினா பாக்டீரியா செத்து, அம்மோனியா ஏறும். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை போதும். குமிழி நல்லா வந்தும் குழாய் வாயில தண்ணி தள்ளுறது குறைஞ்சா ஸ்பான்ஜ் அடைச்சிருக்குன்னு அர்த்தம்.

கரண்ட்கட்டபொம்மன்: கரண்ட் போறதை ரெண்டு பேரும் மறந்துட்டீங்க. ரொம்ப நேரம் நின்னா ஹேங் ஆன் பெட்டியில தேங்கின தண்ணியில ஆக்ஸிஜன் தீர்ந்துடும், கரண்ட் வந்ததும் அந்த நாத்தம் மொத்தமும் தொட்டிக்குள்ள. ஸ்பான்ஜ்னா பவர் பேங்க்ல ஓடுற சின்ன ஏர் பம்ப் சமாளிக்கும். ஆனா பம்ப் தொட்டிக்குக் கீழ இருந்தா டியூப்ல செக் வால்வ் (ஒரு பக்கமா மட்டும் விடுற அடைப்பான்) கட்டாயம். இல்லேன்னா கரண்ட் போனதும் தண்ணி டியூப் வழியா பம்புக்குள்ள இறங்கும். மாட்டுறதுக்கு முன்னாடி ஊதிப் பாருங்க, தொட்டிப் பக்கமா மட்டும்தான் காத்து போகணும்.

தெளிந்தநீர்: ஸ்பான்ஜ் ஃபில்டர்ல குமிழி போடுற அந்த கடகட சத்தம்?

கப்பிக்காரன்: நடுக்குழாய்க்குள்ள ஒரு ஏர் ஸ்டோன் வைங்க. குமிழி பொடியாகும், சத்தம் குறையும், தண்ணி இழுக்கிறதும் கூடும். உப்பு அதிகமான போர் தண்ணியில ஸ்டோன் சீக்கிரம் அடைக்கும், பார்த்து மாத்தணும். அடைச்ச ஸ்டோனோட விட்டா பம்புக்குள்ள இருக்கிற ரப்பர் கிழிஞ்சிடும்.

கரண்ட்கட்டபொம்மன்: புதுத்தொட்டி, ஸ்பான்ஜ் வாங்கின அன்னைக்கே ஹேங் ஆனைக் கழட்டிடாதீங்க. ஆறு வாரம் ரெண்டும் ஓடட்டும், பாக்டீரியா புதுசுல ஏறணும்.

தெளிந்தநீர்: ஆறு வாரம் கழிச்சும் கழட்டச் சொல்ல மாட்டேன். கப்பி பெருகுற வேகத்துல ஆறு எப்ப அறுபதாகும்னு யாருக்குத் தெரியும்?