லடாக் மலைகளும் மஞ்சள் மண்ணும்: இரண்டு சந்தேகங்கள்

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். லேயிலிருந்து லாமாயுரு வரை சென்று, பத்து நாட்கள் திறந்த வெளியில் அமர்ந்து நீர்வண்ணத்தில் வரைந்து திரும்பியிருக்கிறேன். தொலைவிலிருந்த மலைகளுக்கு வழக்கம்போல நீலம் கலந்தேன். ஆனால் படத்தில் அவை வேறு ஏதோ ஊரின் மலைகளாகிவிட்டன. மேலும், சாலையோரத்து மஞ்சள் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கருவேலம் பிசின் கரைசலில் குழைத்துப் பூசினேன். காய்ந்தபின் தொட்டாலே விரலில் பொடியாக வருகிறது. ஆங்காங்கே வெண்மையாகப் பூத்தும் இருக்கிறது. எங்கே தவறினேன்?

மறுமொழி 1:
லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தியும் ஈரமும் குறைவு என்பதால், சமவெளியில் தூரத்தை உணர்த்தும் நீலப்படலம் மிக மெலிதாகவே விழுகிறது. தூரத்தை நிறத்தால் காட்ட முயலாமல், மடிப்புகளின் அளவைச் சிறிதாக்கிக் காட்டுங்கள். அங்கே நீலம் நிழலுக்குள்தான் இருக்கிறது. வெயில் படாத சரிவுக்கு வானத்தின் ஒளி மட்டுமே கிடைக்கிறது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணம் முற்றிலும் காய்ந்தபின், அதன்மேல் அல்ட்ராமரின் என்ற அடர்நீலத்தை ஒரே இழுப்பில் மெலிதாகப் பூசிப் பாருங்கள். தாளை மட்டும் நிழலில் வையுங்கள். நேர்வெயிலில் எல்லா வண்ணமும் வெளிறித் தெரிவதால் கை தானாகவே அடர்த்தியைக் கூட்டிவிடும். அறைக்குள் வந்து பார்க்கும்போது படம் இருண்டு கிடக்கும்.

மறுமொழி 2:
வெண்மையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் உப்பு. மழை குறைந்த நிலத்தில் உப்பு கரைந்து போக வழியில்லாமல் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மண்ணை நிறைய நீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் கலங்கிய நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி, ஓரிரவு தெளியவிட்டு, மேல்நீரை வடித்துவிடுங்கள். நான்கைந்து முறையாவது இப்படிக் கழுவிய வண்டலைத்தான் உலர்த்திக் கண்ணாடிப் பலகையில் அரைக்க வேண்டும். பொடி உதிர்வது பிசின் போதாததால். களிமண் நிறைந்த நிறமி பிசினை அதிகமாகவே கேட்கும். அதற்காக அள்ளி ஊற்றினால் பூச்சு வெடிக்கும், ஆகவே துண்டுத்தாளில் பார்த்துப் பார்த்துச் சேருங்கள். ஓரிரு துளி தேன் விட்டால் வறண்ட காற்றிலும் வண்ணம் விரைவில் இறுகாது.

அந்த மஞ்சள் இரும்பால் வந்ததாக இருந்தால், கொஞ்சத்தை இரும்புச் சட்டியில் வறுத்துப் பாருங்கள். அதிலுள்ள நீர் நீங்க நீங்க, ஓரத்திலிருந்து செங்காவியாக மாறிவருவதைக் கண்ணாலேயே காணலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று கழுவத் தொடங்கி, முதலில் வடித்த நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தேன். மாலையில் தட்டு முழுவதும் வெள்ளைப் படிவு. மூன்றாவது நீரில் அது ஏறக்குறைய இல்லை. இன்னும் இருமுறை கழுவிவிட்டு அரைக்கிறேன்.