கல்வீட்டுச் சுவரில் சிமெண்ட்: எப்படி எடுப்பது?

வணக்கம். வட இங்கிலாந்தின் லங்காஸ்டரில், ஜார்ஜியன் காலத்து (சுமார் 1714–1830) மணற்கல் வீட்டில் இருக்கிறோம். 1625 வாக்கில் கட்டிய ஜட்ஜஸ் லாட்ஜிங்ஸ் என்ற பழைய மாளிகைக்குப் பக்கம்தான். தெருப்பக்கச் சுவர் இழைத்த கல். இணைப்பே தெரியாது, அவ்வளவு நேர்த்தி. பின்சுவர் செதுக்காத கரட்டுக்கல். பிரச்சினை அங்கேதான். முன்பு இருந்தவர்கள் சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு இடுக்கெல்லாம் சிமெண்ட் அடைத்திருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே உதிர்கிறது. விரலால் தடவினால் மணலாகக் கொட்டுகிறது. சிமெண்ட் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்க்கவே மனசு வலிக்கிறது.

உளி வைத்துக் கையாலேயே எடுத்தால் கல் தப்புமா? மெஷின் வைக்க மனம் வரவில்லை. பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடப் பட்டியலில் கிரேடு 2 ஆக உள்ள வீடு இது, இந்த வேலைக்கு கவுன்சில் அனுமதி வாங்கினீர்களா? உறைபனிக்கு முன் சுண்ணாம்புச் சாந்து இறுக எத்தனை வாரம் விட்டீர்கள்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.