கேம்பஸ் ஹெல்த் சென்டரில் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

இழையைத் தொடங்கியவர், முதுகலை இரண்டாம் ஆண்டு

புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே நூலகம் எங்கே, மெஸ் எத்தனை மணிக்கு, வைஃபை பாஸ்வேர்ட் என்ன என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஹெல்த் சென்டர் எத்தனை மணி வரை திறந்திருக்கும், ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. ஒரு வருடம் முழுக்க தினமும் அந்தக் கட்டிடத்தைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன்.

என் அறைத்தோழிக்கு ஆஸ்துமா. நீல நிற இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கும், அதனால் எனக்கும் பயமில்லை. ஒருநாள் நள்ளிரவுக்கு மேல் எழுந்து உட்கார்ந்துகொண்டு இன்ஹேலரை அழுத்திக்கொண்டே இருந்தாள், ஒரு மாற்றமும் இல்லை. மருந்து தீர்ந்துபோயிருக்கிறது, ஆனால் அழுத்தினால் புஸ்ஸென்று காற்று வருவது மட்டும் நிற்கவில்லை, அதனால் மருந்து இருக்கிறது என்றே நினைத்திருக்கிறாள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாவிட்டால் அது கடுமையான நிலை, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கையைப் பிடித்து நடத்தியே கூட்டிப் போனேன். அது பெரிய தப்பு. போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருந்தது, ஓரத்தில் ஒட்டியிருந்த தாளில் இரவு நேர எண் மங்கலாகத் தெரிந்தது. அந்த எண்ணில் பேசியவர் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் ஆம்புலன்ஸ் அனுப்பினார், வெளி மருத்துவமனையில் ஆக்சிஜனும், மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் நெபுலைசரும் வைத்த பிறகுதான் அவளுக்கு முகத்தில் நிறம் வந்தது.

மறுநாள் இருவரும் ஹெல்த் சென்டருக்குப் போனோம். நெபுலைசர், ஆக்சிஜன் எல்லாம் அங்கேயும் இருக்கிறது, பகலில் மட்டும். நர்ஸ் அக்கா அவளிடம் இன்ஹேலர் எடுத்துக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, குலுக்கவே இல்லையேம்மா என்றார். அப்புறம் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார்: நன்றாகக் குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்து, மெதுவாக இழு, பத்து நொடி அடக்கு, அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிடமாவது பொறு. இன்ஹேலரின் வாயில் பொருத்திக்கொள்ளும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் கொடுத்தார். ஏழு வருடமாக இன்ஹேலர் வைத்திருப்பவளுக்கு அதுவரை யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. இதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். நல்லது, கெட்டது எதுவானாலும் சரி. புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும்.

வேதியியல் ஆய்வு மாணவர்

எனக்கு நடந்தது ஆய்வகத்தில். சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசல் இடது கண்ணில் தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டிருந்த அரை நிமிடத்தில் நடந்தது. உடனே கிளினிக்குக்கு ஓடத்தான் நினைத்தேன். பக்கத்து மேசையில் இருந்த சீனியர் அக்கா தோளைப் பிடித்து அழுத்தி, கண் கழுவும் குழாயடியில் தலையை வைத்து, இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டார். குறைந்தது 15 நிமிடம், ஒரு நொடிகூடக் குறையாமல். நான் கத்தினேன், போகலாம் என்று கெஞ்சினேன், விடவில்லை. காரம் அமிலத்தைவிடக் கண்ணுக்குள் ஆழமாகப் போகும், ஓடுகிற நேரமெல்லாம் அது உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும் என்று அப்புறம் டாக்டர் விளக்கினார். என் கண்ணைக் காப்பாற்றியது அந்த அக்காதான், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

கிளினிக்கில் நடந்ததும் எனக்கு நிறைவாக இருந்தது. பாட்டிலை எடுத்து வந்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. நாங்கள் லேபிளை போட்டோ எடுத்திருந்தோம். மருத்துவர் கீழிமையை இழுத்து பி.எச். தாளை வைத்துப் பார்த்தார், இன்னும் காரமாகத்தான் இருந்தது, மறுபடி சலைன் விட்டுக் கழுவினார், தாளில் அமிலமும் இல்லை காரமும் இல்லை என்கிற 7-க்குப் பக்கத்தில் வரும்வரை நிறுத்தவே இல்லை. அப்புறம் அவரே கண் மருத்துவமனைக்குப் போன் செய்து, கடிதம் எழுதி, வண்டி ஏற்பாடு செய்து அனுப்பினார். எங்களால் இவ்வளவுதான் முடியும், மீதியை அவர்கள் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். தன்னால் முடியாததை முடியாது என்று நேரத்தோடு சொல்லும் டாக்டர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இன்னொன்று. ஆய்வகத்தில் உடைந்த கண்ணாடி கையைக் கீறினால் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். சுத்தமான சின்னக் காயம் என்றால் 10 வருடக் கணக்கு, அழுக்குப் பட்ட காயமோ ஆழமான காயமோ என்றால் 5 வருடக் கணக்கு. அந்தத் தேதியை போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் தலைவலி என்று சொல்லித்தான் உள்ளே போனேன். உண்மையில் தலைவலி இல்லை. ஒன்றரை மாதமாகத் தூக்கமில்லை, வகுப்புக்குப் போவதில்லை, அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை. டோக்கன் கொடுக்கும் சன்னலில் இருந்தவர் என்ன பிரச்சினை என்று சத்தமாகக் கேட்டார். பின்னால் வரிசையில் என் வகுப்புப் பையன்கள் மூன்று பேர். அங்கே வேறு என்ன சொல்வது, தலைவலி என்றேன். அந்த சன்னலை மட்டும் மாற்றுங்கள் என்று எந்த ஹெல்த் சென்டரிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் போதும், பாதிப் பேர் உண்மையைச் சொல்வார்கள்.

உள்ளே இருந்த டாக்டர் நாற்பது வயசு இருக்கும் அம்மா. எப்போதிலிருந்து தலைவலி, தூக்கம் எப்படி, மெஸ்ஸுக்குப் போகிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், சட்டென்று எழுந்து கதவைச் சாத்தினார். ஒரு படிவம் கொடுத்தார். பி.எச்.க்யூ-9 என்று பெயர், மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கிற கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, கூட்டினால் அதிகபட்சம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ உடம்பைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. அதைப் படித்துவிட்டு பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. நான் 1 என்று எழுதினேன். அவர் கூட்டிப் பார்க்கக்கூட இல்லை, நேராக அந்த ஒன்பதாவது எண்ணைப் பார்த்துவிட்டு, நல்ல வேளை எழுதினாய் தம்பி என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுதேன்.

கவுன்சிலிங்குக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அது நீளமான காத்திருப்பு, இதைக் குறையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த டாக்டர் அதுவரை ஐந்து நாளைக்கு ஒருமுறை தன்னையே வந்து பார்க்கச் சொன்னார், கஷ்டம் கூடினால் எந்த நேரத்திலும் கூப்பிட ஓர் எண் எழுதிக் கொடுத்தார், அன்று ராத்திரி யார் கூட இருப்பார்கள் என்று கேட்டு, நான் சரி என்ற பிறகு என் நண்பனைக் கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்கோ துறைக்கோ சொல்வீர்களா என்று பயந்து கேட்டேன். உன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் சொல்வேன், அப்போதும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன் என்றார். எட்டு மாதம் ஆகிறது. இப்போது தூங்குகிறேன்.

இழையைத் தொடங்கியவர்

பெயர் சொல்லாத தம்பிக்கு: நீங்கள் எழுதியதற்கு நன்றி. அந்த சன்னல் விஷயத்தை எங்கள் மாணவர் பிரதிநிதிகளிடம் இன்றே பேசுகிறேன்.

இளங்கலை மூன்றாம் ஆண்டு

என்னுடையது சின்ன விஷயம். மூன்று நாள் காய்ச்சலில் அறையிலேயே படுத்துவிட்டு, நாலாவது நாள் சரியான பிறகு மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்டுப் போனேன். தரவில்லை. பார்க்காத நாளுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார் டாக்டர். அன்று கோபம், இன்று இல்லை. முதல் நாளே போய்ப் பதிவு செய்துவிடுங்கள், நடக்க முடியாவிட்டால் போனாவது செய்து சொல்லுங்கள், பதிவேட்டில் தேதி இருந்தால் அடுத்த பேச்சு எளிது.

பெண்கள் விடுதியிலிருந்து

எங்கள் சென்டருக்குப் பெண் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். மற்ற நாளில் நிறையப் பேர் போவதே இல்லை, தள்ளிப்போடுகிறார்கள். சிலவற்றைத் தள்ளிப்போட முடியாது. அவசர கருத்தடை மாத்திரையில் லெவோனார்ஜெஸ்ட்ரல் என்றால் 72 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யுலிப்ரிஸ்டல் என்றால் 120 மணி நேரம் வரை. இரண்டு நாள் கழித்து வருகிற டாக்டருக்காகக் காத்திருந்தால் அந்த நேரத்தில் பாதி போய்விடும். என் தோழி ஒருத்திக்கு அன்று உதவியது பணியில் இருந்த நர்ஸ்தான். எதற்கு, யார் என்று ஒரு கேள்வி இல்லை. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா, கடைசியாக மாதவிடாய் எப்போது என்ற இரண்டு மட்டும் கேட்டார். தேவையானதை மட்டும் கேட்டார் என்பதைத்தான் அவள் இன்றுவரை சொல்கிறாள்.

அப்புறம், எங்கள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் தோழி ஒருத்தி இருக்கிறாள். வாசலில் சரிவுப் பாதை அழகாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே பரிசோதனைக் கட்டில் அவள் தோள் உயரம். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. உயரம் குறைக்கிற கட்டில் ஒன்று வாங்கினால் தீர்ந்துவிடும்.

ஒரு பல்கலைக்கழக ஹெல்த் சென்டரில் நர்ஸ், 11 வருடமாக

எல்லாவற்றையும் படித்தேன். சன்னல் பற்றிச் சொன்னது உண்மை, எங்களிடமும் அப்படித்தான் இருந்தது, ஒரு மாணவி புகார் எழுதிய பிறகு மாற்றினோம். புகார் எழுதினால் பகைத்துக்கொள்வோம் என்று நினைக்காதீர்கள். எழுத்தில் வந்தால்தான் நாங்கள் மேலே காட்டிப் பணம் கேட்க முடியும்.

எங்கள் பக்கத்திலிருந்து சில விஷயம். சளி, தொண்டை வலி என்று வருகிற பலரும் ஆன்டிபயாடிக் தரச் சொல்லிக் கேட்கிறீர்கள். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, டாக்டர் தராமல் அனுப்பினால் உங்களைக் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. இதைவிட எனக்குப் பயம் பாராசிட்டமால்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம், 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு. காய்ச்சலுக்கு அதைப் போட்டுக்கொண்டு, சளிக்கென்று இன்னொரு மாத்திரையும் வாங்கிப் போடுகிறீர்கள், அதிலும் பாராசிட்டமால் இருக்கும். கல்லீரல் கெட்டுப்போகிற வழி இது. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள், புரியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள்.

விடுதியில் கூட்டமாக இருப்பவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும். அம்மை கண்டால் மறைக்க வேண்டாம், தனியறை கொடுப்பது உங்களை ஒதுக்குவதற்காக இல்லை. சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரைதான். தடுப்பூசி அட்டையைச் சேரும்போது கேட்பதும் இதற்காகத்தான், தட்டம்மைக்கு இரண்டு தவணை போட்டிருக்கிறீர்களா என்று தெரிந்தால் ஒருவருக்கு வந்த அன்றே யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குப் புரியும். ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள். காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்தை மடக்க முடியாத விறைப்பு, வெளிச்சம் பார்த்தால் கூசுவது, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் என்று வந்தால் எங்களிடம் டோக்கன் போட்டு உட்கார வேண்டாம். அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், மணிக்கணக்கில் முற்றிவிடும். எல்லா அறிகுறியும் சேர்ந்து வர வேண்டும் என்றில்லை, புள்ளி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நேராக ஆம்புலன்ஸ்.

ராத்திரியில் கதவு பூட்டியிருந்தது என்று முதலில் எழுதியிருந்தீர்கள். ஆள் இல்லை. எங்களில் யாரும் விரும்பிப் பூட்டுவதில்லை.

வரலாறு படிப்பவர்

நர்ஸ் அம்மா எழுதியதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. 1861-ல் அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற மருத்துவரை உடல்நலத்துக்கும் உடற்பயிற்சிக்கும் பேராசிரியராக வைத்தது. மாணவர் உடல்நலத்தைப் பார்ப்பதும் கல்லூரியின் வேலைதான் என்ற எண்ணத்துக்கு அதைத்தான் ஒரு தொடக்கமாகச் சொல்கிறார்கள். அவர் வருகிற மாணவர்களின் உயரம், எடை என்று வருடக்கணக்கில் அளந்து குறித்து வைத்தார். சேரும்போது நம்மை எடை பார்க்க நிற்க வைப்பதை நான் வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். ஆறு மாதத்தில் என் எடை ஏழு கிலோ குறைந்ததை அந்தப் பழைய அட்டையை வைத்துத்தான் டாக்டர் கண்டுபிடித்தார், தைராய்டு என்று தெரிந்தது.

இழையைத் தொடங்கியவர்

ஒரு தகவல். நேற்று எங்கள் விடுதியில் ஒவ்வொரு மாடிப்படி அருகிலும் இரவு நேர எண்ணைப் பெரிய எழுத்தில் ஒட்டினோம், வார்டன் அம்மாவே வந்து நின்றார். அறைத்தோழி தன் இன்ஹேலரில் மீதி எத்தனை என்று காட்டும் எண்ணைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அலாரம் வைத்திருக்கிறாள். எனக்கும் வைத்துவிட்டாள். சன்னல் பற்றி இன்னும் பதில் வரவில்லை, திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்கிறோம், வர முடிகிறவர்கள் பத்து மணிக்கு வாருங்கள்.