மறு: 'இரட்டை ஆதாயம்' சரியான சொல்லா?

வணக்கம்.

> 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' (கடமையும் சொந்த நலனும் மோதும் நிலை) என்பதற்கு நாளிதழ்களில் 'இரட்டை ஆதாயம்' நன்றாக ஊன்றிவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, விளையாட்டுப் பக்கத்துக்கு அது போதும். அரசு ஆணையத்தின் நடத்தை விதிக்குள் போட்டால் வம்பு. ஆதாயம் என்றதுமே அந்த ஆள் எதையோ அடித்துவிட்டார் என்று ஆகிவிடுகிறது. விதி பார்ப்பதோ குற்றத்தை அல்ல, நிலைமையை. உறுப்பினரின் மனைவி பங்கு வைத்திருக்கும் நிறுவனம் உரிமம் கேட்டு விண்ணப்பித்தால், அவர் கோப்பைப் பிரிக்கும் முன்பே விதி வந்து நிற்கும்.

1852-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த, டைம்ஸ் (Dimes) என்பவரின் வழக்கைப் பாருங்கள். கால்வாய் நிறுவனம் ஒன்றுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன காட்டன்ஹாம் பிரபுவுக்கு அதே நிறுவனத்தில் பங்கு இருந்தது. பங்குக்காகத்தான் அப்படித் தீர்த்தார் என்று சபை நினைக்கவில்லை. ஆனாலும் அவர் தீர்ப்பு செல்லாமல் போனது. இதில் 'ஆதாயம்' எங்கே வந்தது?

> சரி, 'நலமுரண்'?

மருத்துவமனைப் பலகை போல இருக்கிறது. நலம், நலன் இரண்டும் கடைப்போலிதான், இலக்கணப்படி பொருள் மாறாது. ஆனால் இன்றைய காதுக்கு 'நலம்' உடம்பு, 'நலன்' அக்கறை. என் வாக்கு 'நலன்முரண்', ஒரே சொல்லாக. 'நலன்முரண் அறிவிப்பு', 'நலன்முரண் பதிவேடு' என்று ஒட்டவும் வசதி.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 2003 வழிகாட்டுதல் இதில் மூன்று வகை சொல்கிறது: உள்ளபடியே இருப்பது, இருப்பதுபோல் தெரிவது, நாளைக்கு வரக்கூடியது. நடுவில் இருப்பதற்கு 'தோற்ற நலன்முரண்' என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ போட்டியில் தோற்றது மாதிரி இருந்தது. 'தோன்று நலன்முரண்' பரவாயில்லை.

> 'ரெக்யூசல்' (சொந்தத் தொடர்புள்ள விஷயத்தின் முடிவில் மட்டும் கலந்துகொள்ளாமல் இருப்பது) என்பதற்கு 'விலகல்' போதாதா?

போதாது. கூட்டக் குறிப்பில் "உறுப்பினர் விலகினார்" என்று இருந்தால் பதவியையே விட்டுவிட்டார் என்றுதான் படிப்பார்கள். 'ஒதுங்கல்' என்கிறேன். "நிகழ்ச்சி நிரலின் மூன்றாம் பொருளில் ஒதுங்கினார்" என்றால் அந்த ஒரு பொருளில் மட்டும் பேசவில்லை, வாக்களிக்கவில்லை என்று புரிந்துவிடும். (ஒதுங்குவதற்கு வேறு பொருளும் உண்டே என்று சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.)

ஆனால் இது உறுப்பினருக்குத்தான் பொருந்தும். ஊழியருக்கு வாக்கு கிடையாது. கோப்பில் குறிப்பு எழுதுவது, ஒப்பந்தப்புள்ளியை மதிப்பிடுவது, நேரில் போய் ஆய்வு செய்வது எல்லாம் அவர்தான். உறுப்பினர் முன் வரும்போது பாதி முடிவு எழுதப்பட்டிருக்கும். ஊழியரைக் கூட்ட அறைக்கு வெளியே நிற்கவைத்து என்ன பயன்? கோப்பே அவர் மேசைக்கு வராமல் வேறொருவரிடம் போகவேண்டும். இதற்கு 'பணிமாற்றம்' என்றால் வேறு ஊருக்குத் தூக்கியடித்ததாக நினைப்பார்கள், 'கைமாற்று' என்றால் கடன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உங்களில் அலுவலகத்தில் கோப்பு நகர்த்திப் பழகியவர்கள் இதை என்னவென்று சொல்கிறீர்கள்?